திமிங்கில வேட்டைக்கு ஒரு சொல்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். தபால்காரர் உறையைக் கொடுத்தால், யாராவது பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பேன். பால்காரர் என் எதிரிலேயே கறந்து கொடுத்தாலும், செம்பின் அடியில் முன்கூட்டியே தண்ணீர் இருந்ததோ என்று தோன்றும். கல்யாணமான புதிதில் என் மனைவி இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி வேலை நடந்தது. சர்க்கார் கொஞ்சம் உதவி செய்தது. வித்துவான் பட்டம் வாங்கிவிட்டுப் பள்ளிக்கூட வேலை கிடைக்காமல் திரிந்துகொண்டிருந்த நான், அதில் சொல் சேகரிப்பவனாகச் சேர்ந்தேன். பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். தலைமைப் பண்டிதர் ஒருவர், நகல் எழுதுகிறவர் ஒருவர், பியூன் ஒருவர், நான். அவ்வளவுதான் அலுவலகம்.

பண்டிதர் சந்தேகத்தில் எனக்குச் சற்றும் இளைத்தவர் அல்ல. அதற்குக் காரணமும் இருந்தது. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஓட்டலில் காபி குடித்தபடியே தோன்றிய சொற்களையெல்லாம் எழுதி, இது குயவர் சொன்னது, இது தச்சர் சொன்னது என்று கொடுத்துக்கொண்டிருந்து பிடிபட்டவர். அந்தச் சூடு பண்டிதருக்கு ஆறவே இல்லை.

"சொல்லை மட்டும் கொண்டு வராதீர்," என்றார் முதல் நாளே. "எவன் சொன்னான், எந்த இடத்தில் வைத்துச் சொன்னான், எல்லாம் எழுதும். நாளைக்கே நான் வேறோர் ஆளை அனுப்பினால் அவன் யாரையும் கேட்காமல் நேரே அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். புரிகிறதா ஓய்?"

புரிந்தது. எனக்கு ரோஷமும் வந்தது. இந்த மனிதர் வாயடைத்துப்போகிற மாதிரி இடம் எழுதிக் காட்டுகிறேன் பார் என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டேன். போகிற இடமெல்லாம் நோட்டில் எழுதி, சனிக்கிழமை தோறும் வரி பிசகாமல் அட்டைகளில் நகல் எடுத்துக் கொடுத்தேன்.

கடல் சொற்கள் என் பங்குக்கு வந்தன. நங்கூரம், துடுப்பு, நீரோட்டம் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பட்டியலில் 'வேலிங்' என்று ஒன்று வந்து நின்றது. ஆங்கில அகராதியில் அதற்கு முதல் பொருள், திமிங்கிலங்களைத் துரத்திக் கொல்லும் தொழில். இன்னொரு பொருள், பேச்சுவழக்கில், ஒருவனைப் போட்டு அடிப்பது. அந்த இன்னொரு பொருளுக்கு நான் வெளியே போகவே வேண்டியிருக்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் என் வாடகை அறையின் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காது கொடுத்தாலே போதும். மொத்துதல், சாத்துதல், வெளுத்தல், பின்னுதல், நொறுக்குதல், கும்முதல், துவைத்தல், தோலை உரித்தல், முதுகில் டின் கட்டுதல் என்று ஒரே மாலையில் இருபத்திரண்டு சேர்ந்தன. முதல் பொருளுக்கு ஒன்றுகூட இல்லை. வேறு வழியில்லாமல் 'திமிங்கில வேட்டை' என்று எழுதிக்கொண்டு போனேன்.

பண்டிதர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது உம்முடைய அறையில் உட்கார்ந்து செய்தது. பழைய நூல்களைப் புரட்டி 'பெருமீன் வேட்டம்' என்று நானே எழுதிவிடுவேன். எனக்கு அது வேண்டாம். கடலில் போகிறவன் என்ன சொல்கிறான்? அதைக் கேட்டு வாரும்."

அப்போது காசிமேட்டில் இன்றிருக்கும் துறைமுகம் கிடையாது. மணல், மணலில் இழுத்துப் போட்ட கட்டுமரங்கள், ஓலைக் குடிசைகள், காயும் வலைகள். மதுவிலக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. முழுக்கால் சட்டை போட்டு, கையில் நோட்டோடு ஒருவன் வந்தால் அவன் யார் என்று குப்பத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் வேட்டிதான் கட்டியிருந்தேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. மாறுவேஷத்தில் வந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "திமிங்கிலம் பிடிக்கிறதுக்கு நீங்க என்ன பேர் சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் கையை நிறுத்தவில்லை. "அத்த இன்னாத்துக்குப் புடிக்கணும்?"

"பிடிக்க வேண்டாம். பிடிச்சா அந்த வேலைக்கு என்ன பேர்னு தெரியணும்."

"யாருக்கு?"

"சர்க்காருக்குத்தான்."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். "சர்க்காருக்கு வேற வேல இல்லியா நைனா?" என்றார் இவர்.

இப்போது யோசித்தால் தவறு எங்கே என்று தெரிகிறது. நெத்திலியைப் பற்றியோ வாளையைப் பற்றியோ கேட்டிருந்தால், ஏதோ மீன் இலாகா ஆள் என்று நம்பித் தொலைத்திருப்பார்கள். அந்தக் கரையில் திமிங்கிலத்தை யாரும் பிடித்ததில்லை. பிடிக்க நினைத்ததும் இல்லை. யாருமே செய்யாத ஒரு வேலைக்குப் பெயர் கேட்டு ஓர் ஆள் தினமும் வெயிலில் வந்து நின்றால், அவன் வேறு எதையோ தேடி வந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம். ஒருவர் ஆனைமீன் என்றார். ஒருவர் பனைமீன் என்றார். மூன்றாமவர் 'தொரமீனு' என்றார். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எதையும் நம்பவில்லை. வேட்டைக்கு மட்டும் யாரும் பொய்யாகக்கூட ஒரு சொல் தரவில்லை.

நாலாம் நாள், பஸ் பிடிக்க டோல்கேட் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒருவர் பின்னாலேயே வந்தார். நாற்பது வயது இருக்கும். சொந்தமாகக் கட்டுமரம் வைத்திருப்பவர். முந்தின நாள் கூட்டத்தில் பேசாமல் நின்றிருந்தவர் என்று அடையாளம் தெரிந்தது.

"வாத்தியாரே," என்றார். "அத்தப் பத்தி அங்க நின்னுகினு கேக்காத. எவனும் சொல்ல மாட்டான்."

"ஏன்?"

"கடலப் பாத்துகினு அதும் பேரச் சொல்லக் கூடாது. காதுல வுழும்."

"எதன் காதில்?"

"கடலு காதுல," என்றார், இதுகூடத் தெரியாமல் எப்படி வாத்தியார் ஆனான் இவன் என்கிற முகத்தோடு.

தூரத்தில் தண்ணீர் மேலே பீய்ச்சி அடிப்பதைப் பார்த்தால், கட்டுமரத்தில் இருக்கிற மூன்று பேரும் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அது கடந்து போகும் வரை மூச்சுக் காட்டாமல் இருப்பார்களாம். 'பெரியவரு போறாரு' என்று ஒரு வார்த்தை. அதோடு சரி. அவர் இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

"நாலு கட்டயக் கட்டிகினு போறவன் அத்தப் போயி கொல்றதா? அதுக்கு எங்க கிட்ட ஏது பேரு. ஆனா மத்த பேரெல்லாம் எனுக்குத் தெரியும். கேளு, சொல்றன். கடலு தெரியாத எடமா இருக்கணும், அவ்ளோதான்."

வீடுகளை விட்டால், அந்தக் குப்பத்தில் கடல் தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வடக்குக் கோடியில், மணல்மேட்டை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகை. அதன் பின்புறம் உட்கார்ந்தால் மேடு கடலை மறைத்துவிடும். மத்தியானம் ஊர் உறங்குகிற நேரத்தில் என்னை அங்கே கூட்டிப் போவார். கொட்டகையிலிருந்து வெல்லம் புளித்த வாடை வரும். அது என்ன வாடை என்று எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும். சாராய ஊறல். அது யாருடையது என்று கேட்கவில்லை. எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வாரம் அப்படிப் போனது. காற்றுக்கு எத்தனை பேர், அலைக்கு எத்தனை பேர், வலையில் மீன் ஏறாத நாளுக்கு என்ன சொல்வது, கடலில் யாராவது தவறிப்போனால் அந்தச் செய்தியைக் கரையில் எப்படிச் சொல்வது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வார். தப்பாக இருந்தால் விட மாட்டார். அவர் ஒருவர்தான் என்னிடம் கண் சிமிட்டாமல் பேசினார். அதனாலேயே அவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எதற்காக இந்த மனிதர் தூக்கத்தை விட்டுவிட்டு எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார்? மைத்துனனுக்குப் பியூன் வேலை கேட்பாரோ? யாருக்காவது சிபாரிசோ? ஒவ்வொரு நாளும் இன்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒரு நாள் கேட்டார்.

"இதெல்லாம் பொஸ்தகத்துல வருமா வாத்தியாரே?"

"வரும்."

"அப்ப நான் சொன்னது அதுல இருக்கும்."

"இருக்கும்."

சிரித்தார். அவர் கேட்டது அவ்வளவுதான். நான் அதையும் முழுசாக நம்பவில்லை.

அவர் மனைவி கூடையில் மீன் சுமந்து விற்பவர். நான் குடிசைப் பக்கம் போனாலே உள்ளே போய்விடுவார். ஒரே ஒரு தடவை என் நோட்டைப் பார்த்துக்கொண்டு, "இத்தினி எயுதிகினு போறியே, எங்க குடுக்கற?" என்று கேட்டார். ஆபீஸில் என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை என்று முகமே சொன்னது.

கடல் வேலை முடிந்ததும் பண்டிதர் என்னைத் தோல் பதனிடும் சொற்களுக்கு அனுப்பினார். ஒரு மாதம் காசிமேட்டுப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் காலை அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது, தெருவில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். தலையில் கூடை இல்லை. வண்ணாரப்பேட்டை முழுக்க விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"நீ போலீசா?" என்றார்.

"இல்லை அம்மா. என்ன ஆச்சு?"

பன்னிரண்டு நாள் முன்னால் விடியற்காலையில் மதுவிலக்குப் போலீஸ் குப்பத்துக்குள் வந்ததாம். ஒரு குடிசையையும் தட்டவில்லை, ஒருவரையும் விசாரிக்கவில்லை. நேரே வடக்குக் கோடிக் கொட்டகையில் போய் நின்றார்கள். பானைகளை உடைத்து, இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரின் மருமகன்.

"எங்க வூட்டாளுதான் காட்டிக் குடுத்துச்சாம். நோட்டு எயுதறவன இஸ்தாந்து வெச்சிகினு பேசினுருந்துச்சே, அதான். ஊரே தள்ளி வெச்சிட்டுது. கூட மரம் ஏற ஒருத்தன் வரல. கரையில எனுக்கு ஒருத்தியும் மீனு குடுக்கல. பன்னண்டு நாளா மரம் தண்ணில எறங்கல. வர ஞாயித்துக்கெயம கூடி தீத்து சொல்லப் போறாங்க. சொல்லிட்டாங்கன்னா ஊர வுட்டே போவணும். கடல வுட்டுட்டு அந்தாளு எங்க போவான்? அவனுக்கு வேற இன்னா தெரியும்?"

"நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை," என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"அப்ப அத்த வந்து சொல்லு," என்று திரும்பி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. போனால் அடி விழும் என்று நினைத்தேன். நான் சேகரித்து வைத்திருந்த இருபத்திரண்டு சொற்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இன்னொரு பக்கம், யார் சொல்லியிருப்பார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். பியூன் மேல் சந்தேகப்பட்டேன். அவன் சாயந்தரம் எங்கே போகிறான் என்று பின்தொடர்ந்து பார்த்தேன். கோயிலுக்குப் போனான். நகல் எழுதுகிறவரின் மைத்துனர் போலீஸில் இருப்பதாக ஒரு பேச்சு உண்டு. அவரை நாலு கேள்வி கேட்டு அவருடைய கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டேன். பண்டிதரைச் சந்தேகப்பட்டேன். குப்பத்திலேயே தலைவருக்கு வேண்டாதவர்கள் யாரோ என்று நினைத்தேன். என்னைத் தவிர அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன்.

ஞாயிறு காலை அம்மன் கோயில் எதிரில் ஊர் கூடியிருந்தது. அந்தக் கட்டுமரக்காரர் ஒதுங்கித் தனியாக நின்றார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவருடைய மனைவியின் முகம் அப்படியே இருந்தது.

தலைவர் வயசாளி. மருமகன் உள்ளே இருக்கிற வயிற்றெரிச்சல் இருந்தும் குரலை உயர்த்தவில்லை. "நீ யாருப்பா? இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டார்.

அகராதி என்றேன். ஆங்கிலச் சொல் என்றேன். மீன் பெயர், காற்றின் பெயர் எல்லாம் எழுதுவதுதான் என் வேலை என்றேன். கூட்டத்தில் யாரோ, "மீனு பேர எயுதறத்துக்கு சம்பளமா? அப்ப எங்களுக்கு எத்தினி குடுக்கணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு முன்னைவிடக் கடுமையாகப் பார்த்தார்கள்.

"நோட்டக் கொண்டாந்துகிறியா?" என்றார் தலைவர். "படி. இன்னா எயுதிகிறன்னு ஊரு கேக்கட்டும்."

"அவன் எயுதுனத அவனே படிச்சா எப்பிடி நம்பறது?" என்றார் இன்னொருவர். அந்தக் கூட்டத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கூட யாரும் இல்லை.

"கடல்ல எறங்கிப் படிக்கட்டும்," என்றார் தலைவர்.

அந்த ஊரில் அதுதான் கடைசி. இடுப்பளவு தண்ணீரில் கடலைப் பார்த்து நின்று ஒருவன் சொன்னால், அதற்குப் பிறகு அவனை மனிதர்கள் சந்தேகப்படக் கூடாது. பொய் என்றால் கடல் பார்த்துக்கொள்ளும். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். அப்போது வலை பின்னுகிறவர் குறுக்கே வந்தார்.

"அதுல பூரா பெரியவரு பேரா இருக்கும். கடலப் பாத்துகினு அத்தப் படிச்சா நம்ம மரமெல்லாம் இன்னா ஆவறது?"

பெரிய வாக்குவாதம் நடந்தது. நான் படிக்கவே கூடாது என்றார்கள் சிலர். படிக்காமல் தீர்ப்பு எப்படி என்றார்கள் சிலர். கடைசியில் தலைவர் ஒரு வழி சொன்னார். "அந்தப் பேரு வர எடத்துல வாயை மூடிக்கோ. அத்த வுட்டுட்டு மேல படி."

தலைவர் என் வலப்புறம் தண்ணீரில் நின்றார். கட்டுமரக்காரர் இடப்புறம் நின்றார். மற்றவர்கள் கரையோரம் காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள். அலை வந்து வந்து வயிற்றில் மோதியது. நோட்டை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக் கத்திப் படித்தேன். சொல், பொருள், சொன்னவர், இடம். கோயில் வாசல். வலை காயுமிடம். ஐஸ் வண்டி நிற்குமிடம். இடையில் திமிங்கிலம் என்று வரும். வாயை மூடிக்கொண்டு கண்ணால் தாண்டுவேன். எல்லோரும் காத்திருப்பார்கள். மறுபடி படிப்பேன். நாலைந்து பக்கம் போனதும் தலைவரின் முகம் இளகியது. இந்த ஆள் உண்மையிலேயே பைத்தியம்தான் போலிருக்கிறது என்று அவர் நம்பத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது.

பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து. முத்து முத்தாக, பண்டிதருக்குப் பதில் சொல்வதற்காகவே எழுதிய கையெழுத்து. 'இடம்: குப்பத்தின் வடக்குக் கோடி, மணல்மேட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகையின் பின்புறம். உள்ளே மண்பானைகள். வெல்லம் புளித்த வாடை வெகு தூரம் வருவதால் யாரையும் கேட்காமலே போய்ச் சேரலாம்.'

எங்கள் மாடியில் இடம் போதாமல், எழுதி முடித்த அட்டைப் பெட்டிகளைக் கீழ்த்தளத்தில் இருந்த வேறோர் அலுவலகத்தின் அலமாரியில் வைத்திருந்தோம். பூட்டு கிடையாது. அங்கே போவோர் வருவோரில் போலீஸ்காரர்களும் உண்டு. நாலு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த ஆள் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். பெரியவரின் பெயர் வந்துவிட்டது என்று ஊர் காத்திருந்தது. தலைவர்கூட மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அடுத்த சொல்லுக்குப் போனேன். "வாடைக்காற்று. சொன்னவர், இந்தக் கட்டுமரக்காரர். மேற்படி இடம்."

"மேற்படின்னா?" என்றார் தலைவர்.

"மேலே சொன்ன அதே இடம்."

"அதான் எது?"

அலை ஒன்று நெஞ்சு வரை வந்து போனது.

"இவர் வீட்டுக்குள்," என்றேன். "கதவைச் சாத்திக்கொண்டு."

இடப்புறம் நின்றவரை நான் பார்க்கவில்லை. தலைவர் அவரைப் பார்த்தார். அவர் ஆமாம் என்று தலையசைத்திருக்க வேண்டும். "மேல படி," என்றார் தலைவர். மிச்சத்தைப் படித்தேன். முடிந்ததும், "இதத் தவுர வேற எதுவும் எயுதல, யாருகிட்டயும் சொல்லல, அப்பிடித்தானே?" என்று கேட்டார். கடலைப் பார்த்து, அப்படித்தான் என்றேன்.

மறுநாள் விடியற்காலை அவர் மரம் தண்ணீரில் இறங்கியது. கூட இரண்டு பேர் போனார்களாம்.

திங்கட்கிழமை நான் கீழ்த்தளத்து அலமாரியில் அந்த அட்டையைத் தேடி எடுத்தேன். இடம் என்கிற வரிக்கு அடியில் சிவப்புப் பென்சில் கோடு ஒன்று இழுத்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் சிவப்புப் பென்சில் கிடையாது. அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்தேன். பண்டிதர் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. வேட்டைக்கு மீனவர் சொல் கிடைக்கவில்லை என்றேன். அதையும் அவர் நம்பவில்லை. 'திமிங்கில வேட்டை' என்றே அச்சுக்குப் போயிற்று.

நான் காசிமேட்டுக்குப் போவதை விட்டேன். ராயபுரத்தில் மீன் கூடை தூக்கிக்கொண்டு யார் எதிரே வந்தாலும் சந்தில் திரும்பிவிடுவேன். வெட்கம், பயம், இரண்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல் அவரே வந்துவிட்டார். அலுவலகப் படிக்கட்டின் அடியில், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். உடம்பு தேறியிருந்தது.

"இன்னா வாத்தியாரே, அந்தப் பக்கமே வர்றதில்ல? எனுக்கு இன்னும் எத்தினியோ பேரு தெரியும். எயுதிக்க வாணாவா?"

"அந்தப் பகுதி முடிஞ்சுபோச்சு," என்றேன்.

"ஊருல இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தைரியமா வா." சுற்றிலும் பார்த்துவிட்டு அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்குக் கொட்டாயாண்டன்னு சொல்லிருந்தீன்னா என் கத அங்கியே முடிஞ்சிருக்கும். அந்த எடத்துக்கு வெளியாள இஸ்தாந்தது நாந்தான. நீ வூட்டுக்குள்ளன்னு சொல்லிட்ட. எனுக்காவ கடல்ல நின்னுகினு பொய் சொன்ன. எங்கூடப் பொறந்தவன்கூட அத்த செய்ய மாட்டான்."

நான் படிக்கட்டின் கைப்பிடியில் இருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வூட்ல இன்னும் உம்மேலதான் சந்தேகம். வாத்தியாருதான் எங்கியோ எயுதி வெச்சிட்டாருன்னு சொல்லிகினே இருக்குது. நான் ஒரு நாளுகூட சந்தேகப்படல," என்றார். பிறகு, இது சின்ன விஷயம், நீ ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்கிற மாதிரி சொன்னார்: "ஆனா அது பொய்யின்னு கடலுக்குத் தெரியுமில்ல. அதான், ஒவ்வொரு தபா மரத்த எறக்கும்போதும் சொல்லிட்டுத்தான் எறங்கறன். அந்தப் பொய்யி எனுக்காவ சொன்னது, வாத்தியாரு தலையில வைக்காத, என் தலையில எயுதிக்கோன்னு. நீ அத்த நெனச்சி பயந்துகினு வராம இருக்காத."

நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. வருகிறேன் என்றேன். அவர் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்.

மறுநாள் விடியற்காலை அவர் கடலுக்குப் போயிருப்பார். இறங்குவதற்கு முன்னால் அதைச் சொல்லியிருப்பார்.